பனியாற்றின் மீது ஒரு பாதை

ஆல்ப்ஸ் மலைத்தொடரில், பிரான்சு நாட்டு ஷாமொனி என்னும் ஊரிலிருந்து சுவிட்சர்லாந்து நாட்டு ஸெர்மாட் என்னும் ஊருக்கு ஒரு வழி செல்கிறது. வழி என்று சொன்னேனே அல்லாமல், தரையில் அதற்கு அடையாளம் ஏதும் இல்லை. மைல்கல் இல்லை, வண்டித் தடமும் இல்லை. நேற்றுச் சென்றவர் பதித்த கோடுகளை இன்றைய காற்று அழித்துவிடுகிறது. ஒரு பனியாற்றின் மேல் ஏறி, ஒரு கணவாயைக் கடந்து, மறுபுறத்துப் பனியாற்றில் இறங்கி, இவ்வாறே ஆறேழு நாட்கள் செல்லவேண்டும். கடக்கும் கணவாய்களுட் பல, கடல் மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டருக்கும் உயர்ந்தவை. இரு கால்களிலும் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, ஆண்டுதோறும் வசந்த காலத்தில் மக்கள் இவ்வழியே செல்கின்றனர். பிரெஞ்சு மொழியில் இதனை 'ஓத் ரூத்' என்பர். உயர்ந்த வழி என்பது அதன் பொருள்.

சிகரங்களை வென்றவர்களின் கதைகளை நீங்கள் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். இது அவ்வகைக் கதையன்று. இவ்வழியில் ஏறவேண்டிய சிகரம் ஒன்றும் இல்லை; நடவேண்டிய கொடியும் இல்லை. முன்னே செல்பவர் "திரும்புவோம்" என்று சொன்னால், பின்னே வருபவர் அதைக் கேட்பாரா? இந்த வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நிகழ்ந்திருக்கிறது.

முதலில் பனியாறு என்பது யாது என அறிந்துகொள்வோம். உயர்ந்த மலைகளில் விழும் பனி கோடையிலும் முற்றும் உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு படிந்து, தன் பாரத்தினாலேயே இறுகிப் பனிக்கட்டியாகிறது. அக்கட்டி அசையாது கிடப்பதில்லை. பள்ளத்தாக்கை நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. கரடுமுரடான பாறைமேல் நகரும்போது அது வெடித்துப் பிளக்கிறது. பல மீட்டர் ஆழமுள்ள அந்தப் பிளவுகளின் வாயைப் புதுப்பனி வந்து மூடிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு விரித்த வெள்ளைத் துணிபோல் ஒரே சமவெளியாகத் தோன்றும். கால் வைத்தால்தான் உண்மை தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ருஷ்ய நாட்டிலிருந்து வந்த டாக்டர் ஹாமெல் என்னும் அறிஞர், ஷாமொனிக்கு மேலுள்ள மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறப் புறப்பட்டார். இடைவழியில் புயல் குறுக்கிட்டது. புதுப்பனி மிகுதியாக விழுந்திருந்தது. வழிகாட்டிகள் தயங்கினார்கள். ஆயினும் ஏறுவதென்றே முடிவாயிற்று. சரிவைக் குறுக்காகக் கடக்கையில் காலடிப் பனி பெயர்ந்து அனைவரையும் வாரிக்கொண்டு போயிற்று. மூன்று வழிகாட்டிகள் ஒரு பிளவினுள் புதையுண்டு மாண்டனர். பியேர் பல்மா, பியேர் காரியே, ஒகுஸ்த் தெராஸ் என்பன அவர்கள் பெயர்கள். பணம் கொடுத்தவர் உயிருடன் திரும்பினார். வழி அறிந்தவர்கள் திரும்பவில்லை.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1821-இல், ஷாமொனி வழிகாட்டிகள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். முறைவைத்து வேலையைப் பகிர்ந்துகொள்வது, விபத்துக்குள்ளானோர் குடும்பங்களுக்குச் சங்க நிதியிலிருந்து உதவுவது என்னும் ஏற்பாடுகள் அதில் இருந்தன. வழிகாட்டி என்பவன் மூட்டை சுமக்கும் கூலியாள் அல்லன், தொழில் அறிந்தவன் என்று ஊரார் கூடிச் சொன்னது அதுவே முதல் முறை எனலாம். சங்கம் இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் இயங்கி வருகிறது.

அந்த விபத்துக்கு ஒரு பின்கதை உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், 1842-இல் ஷாமொனிக்கு மேலுள்ள பனியாறு ஒன்று நகரும் வேகத்தை அளந்து கணக்கிட்டவர். மாண்டவர்களின் உடல்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பனியாற்றின் அடிவாரத்தில் வெளிப்படும் என்று அவர் கூறியிருந்தார். 1861-இல் அவ்வாறே நிகழ்ந்தது. பொஸோன் பனியாறு அவர்களின் எச்சங்களை மலையடியில் கொண்டுவந்து சேர்த்தது. விபத்தில் தப்பிய கூத்தே என்னும் முதியவர், தம் இளமைத் தோழர்களின் எச்சங்களைத் தம் கண்ணாலேயே கண்டார். கணக்குப் பலித்தது என்று விஞ்ஞானம் மகிழலாம். அந்தக் கிழவர் என்ன நினைத்திருப்பார் என்பதை யார் சொல்வார்?

அதே 1861-ஆம் ஆண்டில்தான், இலண்டனில் 1857-இல் தோன்றிய ஆல்ப்ஸ் கழகத்தைச் சேர்ந்த ஆங்கிலேயர் சிலர், உள்ளூர் வழிகாட்டிகளின் துணையுடன், ஷாமொனியையும் ஸெர்மாட்டையும் பனிமேடுகள் வழியாகவே இணைக்கும் பாதையை வகுத்து முடித்தனர். அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பே 'ஓத் ரூத்' என்பது. அது கோடைக்காலக் கால்நடை வழி. குளிர்காலத்தில் அங்கே செல்வது எவருடைய எண்ணத்திலும் இல்லை. இடுப்பளவு பனியில் நடந்து ஒரு நாளில் எவ்வளவு தொலைவு செல்ல முடியும்?

விடை வடக்கேயிருந்து வந்தது. நார்வே நாட்டு நான்சன் 1888-இல் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு கிரீன்லாந்தின் பனிப்பாழைக் குறுக்காகக் கடந்தார். அவர் எழுதிய நூல் மத்திய ஐரோப்பாவில் பரவியது. பலகை உடலின் பாரத்தை நீளமாகப் பரப்புவதால், கால் புதைவதில்லை. பிளவை மூடிய பனிப்பாலமும் எளிதில் உடைவதில்லை. 1897 ஜனவரியில் பௌல்க்கே என்னும் ஜெர்மானியரும் தோழர் நால்வரும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மலைப்பகுதிப் பனியாறுகளைச் சறுக்குப் பலகைகளில் கடந்தனர். அவர்களுள் இருவர் 1899-இல் சூஸ்டன் கணவாயில் பனிச்சரிவில் அகப்பட்டு உயிர் நீத்தனர். புதிய கருவி பழைய ஆபத்து ஒன்றை நீக்கிற்று. ஆனால், முன்பு எவரும் செல்லாத பருவத்தில் செல்லவைத்து, வேறோர் ஆபத்தைக் கொணர்ந்தது.

ஷாமொனியில் அக்காலத்தில் மிஷேல் பயோ என்னும் மருத்துவர் இருந்தார். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு நோயாளிகளைப் பார்க்கச் செல்வதற்காகவே அவர் ஸ்கீயைக் கையாண்டார். 1903 ஜனவரியில் அவரும், ஜோசப் கூத்தே, அல்பிரட் சிமோன், ஜோசப் ரவனெல் என்னும் வழிகாட்டிகள் மூவரும் ஸெர்மாட்டை நோக்கிப் புறப்பட்டு, அதை அடைந்தும் விட்டனர். இவ்வழியைச் சறுக்குப் பலகையில் முதலில் சென்றவர்கள் என்று இவர்களையே வரலாறு குறிக்கிறது. எனினும் நடுவே கிரான் கொம்பேன் என்னும் 4,314 மீட்டர் உயர மலை குறுக்கே நின்றது. அதன் தோள்மீது ஏறிச் செல்லாது, தாழ்ந்த பள்ளத்தாக்குகளின் வழியே சுற்றிக்கொண்டே அவர்கள் போனார்கள். அதனைக் குறையாகச் சொல்பவர் உண்டு. எனக்கு அது அறிவுடைமையாகவே படுகிறது.

அந்த இடைவெளியும் 1911 ஜனவரியில் நிரம்பியது. ஜெனீவாவைச் சேர்ந்த பேராசிரியர் ரோஜேயும், மார்செல் கூர்ஸ் என்னும் இளைஞரும், மலையூர் வழிகாட்டிகளுடன் பூர் சேன் பியேர் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்டனர். கொம்பேன் மலையின் தோளில் 3,600 மீட்டருக்கு மேலுள்ள பனிமேடையைக் கடந்து ஸெர்மாட் சேர்ந்தனர். கூர்ஸ் பிற்காலத்தில் நிலப்படம் வரைவதில் புகழ் பெற்று, 1930-இல் நம் இமயத்தில் கஞ்சன்ஜங்கா மலைக்குச் சென்ற பன்னாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார்.

ரோஜேயைச் சொல்லும்போது அவருடைய மற்றொரு தோழரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1909 ஜனவரியில் ரோஜேயுடன் பெர்ன் பனியாறுகளைக் கடந்த ஆர்னால்டு லன் என்னும் ஆங்கில இளைஞர், நம் சென்னை நகரில் பிறந்தவர். நான்சன் கிரீன்லாந்தைக் கடந்த அதே 1888-இல், இங்கே சமயப்பணி புரிந்த ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1909-ஆம் ஆண்டு கோடையில் வேல்ஸ் நாட்டு மலையொன்றில் வீழ்ந்து அவருடைய கால் நொறுங்கியது; ஒரு கால் மற்றொன்றைவிடக் குட்டையாகவே நின்றுவிட்டது. ஆயினும் 1917-இல் ஜோசப் க்னூபெல் என்னும் வழிகாட்டியுடன், 4,500 மீட்டருக்கு மேற்பட்ட டோம் சிகரத்தில் ஸ்கீயில் ஏறினார். வளைந்து வளைந்து இறங்கும் நவீன சறுக்குப் பந்தயத்திற்கு 1922-இல் விதி வகுத்தவரும் அவரே. பனியே காணாத ஊரில் பிறந்தவர் பனி விளையாட்டுக்கு இலக்கணம் எழுதினார்!

இனி, வழிகாட்டியின் வேலையைச் சற்று அருகில் நின்று காண்போம். குடிலில் அனைவரும் விழிப்பது விடியலுக்கு நெடுநேரம் முன்பாக. காரணம் எளிது: இரவுக் குளிரில் பனிப்பாலங்கள் இறுகி வலுவடைகின்றன, நண்பகல் வெயிலில் அவை இளகும், சரிவுகளும் பெயரத் தொடங்கும். ஆகவே இருளில் புறப்பட்டு, நண்பகலுக்குள் அடுத்த குடிலை அடைந்துவிட வேண்டும். முன்னோடிகள் ஜனவரியில் சென்றனர். பனி படிந்து இறுகிப் பகலும் நீளும் வசந்தமே ஏற்ற காலம் என்பது பின்னர் அனுபவத்தால் விளங்கிற்று.

ஏறுவதற்குப் பலகையின் அடியில் தோல்பட்டை ஒன்றை ஒட்டுவர். முன்னாளில் அது கடல்நாயின் தோல். இன்று ஆட்டுரோமத்தாலும் செயற்கை இழையாலும் செய்கின்றனர். மாட்டின் முதுகை மயிர் படிந்த போக்கில் தடவினால் கை வழுக்கும், எதிர்ப்போக்கில் தடவினால் தடுக்கும் அல்லவா? அதே முறைதான். பலகை முன்னே செல்லும், பின்னே சறுக்காது.

முன்செல்பவர் பனியின் நிறத்தையும் மடிப்பையும் பார்த்துக்கொண்டே செல்கிறார். சமதளத்தில் ஒரு சிறு குழிவு, நிழலில் ஒரு மங்கல் கோடு—அங்கே பிளவு இருக்கலாம். ஐயமுற்ற இடத்தில் கோலை ஊன்றிப் பார்க்கிறார். தேவையென்றால் அனைவரையும் கயிற்றால் பிணைக்கிறார். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய நடையே எல்லாருக்கும் நடை. மேகம் இறங்கிவிட்டாலோ வானும் நிலமும் ஒரே வெண்மையாகிவிடும். அந்த வெண்ணிருளில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. நிற்கிறோமா, நகர்கிறோமா என்பதும் தெரியாது. திசைகாட்டியும் உயரமானியும், இக்காலத்தில் செயற்கைக்கோள் வழியறியும் கருவியும் உதவுகின்றன. ஆனால் புறப்படலாமா கூடாதா என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை.

நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. சென்று மீண்டவர், செல்லப்போகிறவருக்கு வழி சொல்வது அது. மலைபடுகடாத்தில், மலைவழியின் வழுக்கலையும் பாம்பையும் பன்றிக்கு வைத்த பொறியையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி எச்சரிக்கும் பகுதியை நீங்கள் பயின்றிருக்கலாம். ஆல்ப்ஸ் வழிகாட்டியும் அத்தகைய கூத்தரே. ஒரு வேறுபாடு, அவர் சொல்லிவிட்டு நின்றுவிடுவதில்லை, கூடவே வருகிறார். இந்நாளில் பல ஆண்டுப் பயிற்சியும் தேர்வும் முடித்தவரே அப்பெயர் பெறலாம். பல நாட்டு வழிகாட்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு 1965-இல் தோன்றியது.

இவ்வளவும் இருந்தும் மலை இளகிவிடவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-இல், சுவிஸ் இராணுவம் ஸெர்மாட்டிலிருந்து வெர்பியே வரை பனியாறுகளின் மீது ஒரு ஸ்கீப் பந்தயம் தொடங்கிற்று. மூவர் மூவராக ஒரே கயிற்றில் செல்லவேண்டும். 1949-இல் ஒரு குழுவின் மூவரும் பிளவில் வீழ்ந்தனர். எட்டு நாட்களுக்குப் பின்னரே உடல்கள் கிடைத்தன. பந்தயம் தடைசெய்யப்பட்டு, 1984-இல்தான் மீண்டும் நடந்தது.

2018 ஏப்ரல் இறுதியில், இவ்வழியின் நடுவேயுள்ள வினியேத் குடிலுக்கு அருகே, புயலில் அகப்பட்ட பதினால்வர் இரவு முழுதும் வெளியில் கிடந்தனர். குடில் சில நூறு மீட்டர் தொலைவிலேயே இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. எழுவர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் வழிகாட்டி. தொலைவிலிருந்து கொண்டு குற்றம் கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஷாமொனியில் 1820-இல் எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை என்பதை மட்டும் இங்கே காண்கிறோம்.

பனியாறுகளும் முன்போல் இல்லை. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கனஅளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பனிமட்டம் தாழத் தாழ, முன்பு சறுக்கி இறங்கிய சரிவுகளில் இன்று பாறையும் உதிர்கல்லும் தலைகாட்டுகின்றன. கயிற்றைப் பிடித்து இறங்கவேண்டிய இடங்கள் கூடிவிட்டன. தந்தை காட்டிய வழியை மகன் அப்படியே நம்பிச் செல்ல இயலாது. ஒவ்வோராண்டும் புதிதாகக் கற்கவேண்டும்.

கடைசி நாள்தான் மிக நீண்டது. வினியேத்திலிருந்து மூன்று கணவாய்களைக் கடந்து, சுமார் 30 கிலோமீட்டர். மூன்றாவதான வல்பெலீன் கணவாயில் ஏறியதும் மாட்டர்ஹார்ன் சிகரம் எதிரே எழுந்து நிற்கும். அங்கிருந்து அதன் வடக்கு முகத்தின் அடியே, பிளவுகள் மலிந்த பனியாற்றில் சறுக்கி இறங்கினால் ஸெர்மாட். ஊர் நடுவே தேவாலயத்தை ஒட்டிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மாட்டர்ஹார்னில் முதன்முதலாக ஏறி, 1865 ஜூலை 14 அன்று இறங்கும் வழியில் கயிற்றில் பிணைந்திருந்த மற்றவரோடு வீழ்ந்து மாண்ட மிஷேல் குரோ என்னும் வழிகாட்டியின் கல்லறை அங்கே உள்ளது. அவர் பிறந்த ஊர் ஷாமொனிப் பள்ளத்தாக்கின் மேல்முனையிலுள்ள லெ தூர். உயர்ந்த வழியில் செல்வோர் பலர் இன்று முதல் நாள் காலையில் பலகைகளைப் பூட்டிக்கொள்வது அச்சிற்றூரில்தான்.