கொழும்பில் உழைப்போர் குடியிருப்பும் மாநகர சபைகளின் பதிவேடுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு நகரின் வரலாற்றை எழுதியோர் கோட்டையையும் துறைமுகத்தையும் வணிக நிறுவனங்களையும் பற்றி விரிவாகக் கூறியுள்ளனர். அத்துறைமுகத்தில் மூடை சுமந்தோரும் அந்நகரின் வீதிகளைக் கூட்டியோரும் இரவில் எங்கே படுத்தனர் என்ற வினா அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுகின்றது. அதனோடு இணைந்த இன்னொரு வினாவும் உண்டு. உழைப்போர் வாழ்ந்த வீடுகள் எத்தனை, அவை யாருக்கு உரியவை, அவற்றின் நிலை யாது என்பவற்றை எழுதிவைத்து மக்களுக்கு அறிவிக்கும் கடமை யாருடையது? மேலோட்டமாக நோக்குமிடத்து இது எழுதுவினைஞரின் அலுவல் போலத் தோன்றும். ஆயினும், ஒரு வீடு எந்தப் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதிலேயே அதில் வாழ்ந்த குடும்பத்தின் கதி தங்கியிருந்தது என்பதைக் கொழும்பின் அனுபவம் காட்டுகின்றது.

1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்பு மாநகர சபை தோற்றம் பெற்றது. பத்தாண்டுகளின் பின், 1875இல், துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கான வேலை தொடங்கி 1885இல் நிறைவெய்தியது. கோப்பியும் அதனைத் தொடர்ந்து தேயிலையும் கப்பலேறிய துறைமுகத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்தும் நாட்டின் தென்புறக் கிராமங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளில் முன்னர் வாழ்ந்த செல்வர் கறுவாத்தோட்டம் நோக்கி நகர, அவர்கள் விட்டுச்சென்ற பெரும் வீடுகள் அறையறையாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டன. வீட்டின் பின்வளவில் முதுகோடு முதுகு ஒட்டிய ஒற்றையறை வரிசைகள் எழுந்தன. சிங்களத்தில் 'வத்த' எனவும் தமிழில் 'தோட்டம்' எனவும் இவை அழைக்கப்பட்டன. ஒரு செடி நடுவதற்கும் இடமற்ற இவற்றுக்கு வாய்த்த பெயர் அது! 'முடுக்கு' என்ற கொழும்புத் தமிழ்ச் சொல்லே உண்மைக்கு நெருங்கியது. ஒரு குழாய், சில மலசலகூடங்கள், பல குடும்பங்கள்: இதுவே அவற்றின் அமைப்பாகும்.

1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. அடுத்த ஆண்டில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இச்சட்டத்தின் இயல்பு ஊன்றி நோக்கற்பாலது. கட்டடங்களை மேற்பார்வையிடவும், வீதிக்கோடு வகுக்கவும், மனிதர் வாழத் தகாதவை எனக் கண்டவற்றை மூடவும் இடிக்கவும் அது உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரமளித்தது. தொழிலாளியின் வீடு ஒரு நோய்க்களமாகவே சட்டத்தின் கண்ணுக்குத் தென்பட்டது. ஆகவே மன்றத்தின் ஏடுகளில் அவ்வீடு இருவகையில் மட்டும் இடம்பெற்றது: சோலைவரிப் பதிவேட்டில் வருமானமாக, சுகாதாரப் பகுதியின் அறிக்கையில் குற்றமாக. அவ்வீட்டை ஒரு பொதுச் செல்வமாக எழுதும் மூன்றாவது ஏடு ஒன்று திறக்கப்படவில்லை.

ஆட்சியாளரின் சொந்த நாட்டில் நிலைமை வேறு. 1919ஆம் ஆண்டின் அடிசன் சட்டம் அந்நாட்டு உள்ளூர் மன்றங்களை வீடு கட்டுவோராக ஆக்கியது. 1935ஆம் ஆண்டின் சட்டம் அவ்வீடுகளின் வாடகை, பழுதுபார்ப்பு, கடன் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கொன்றைப் பேணுமாறு அவற்றைக் கட்டாயப்படுத்தியது. குடியேற்ற நாட்டுக்கு ஏற்றுமதியானது இடிக்கும் அதிகாரமேயன்றிக் கணக்குக் காட்டும் கடமை அன்று. 1921இல் கொழும்பு நகரத் திட்டம் பற்றி அறிக்கை சமர்ப்பித்த பற்றிக் கெடிஸ், இந்திய நகரங்களில் பெருமளவு இடிப்பை எதிர்த்து வந்தவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

காலப்போக்கில் மாநகர சபை தானும் ஒரு வீட்டுச் சொந்தக்காரனாயிற்று. நகரச் சுத்தித் தொழிலாளருக்கென அது கட்டிய வரிசை வீடுகளில் வாழ்ந்தோருட் பலர் தமிழகத்திலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். வீடு வேலையோடு பிணைந்திருந்தது. வேலை முடிந்தால் வீட்டின் மீதிருந்த உரிமையும் ஐயத்துக்குரியதாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களுட் பலரை நாடற்றோராக்கி, அதன் வழியே வாக்கற்றோராகவும் ஆக்கியது. வாக்கற்றவனின் கூரை ஒழுக்குச் சபையில் எதிரொலிப்பது எங்ஙனம்? 1937இல் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதல் மேயரானார். 1954 முதல் 1956 வரை இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா அப்பதவியை வகித்தார். தலைமைகள் மாறியபோதும் கணக்கின் அமைப்பு மாறவில்லை. கடன் பெற்றுக் கட்டிய வீடு, கடன் தவணை உள்ளவரை ஏட்டில் உயிர்வாழும்; கடன் தீர்ந்ததும் வாடகை நிலுவையாக மட்டும் எஞ்சும். அவ்வீட்டின் தேய்மானத்தை எழுத அவ்வேட்டில் நிரல் இல்லை.

யுத்தகாலத்தில், 1942இல், வந்த வாடகைக் கட்டுப்பாடு குடியிருப்போரைக் காத்தது. அதே வேளை, இலாபம் குன்றிய சொந்தக்காரர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். 1970இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராயிருந்த பீற்றர் கெனமன் காலத்தில் நிறைவேறிய 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் கையளிக்கப்பட்டன. வாடகைக்கு இருந்தோர் உரிமையாளராகும் வழி திறந்தது. முற்போக்கான இச்சட்டத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் அறை குடியிருப்பவனுக்குச் சொந்தமாகலாம். முடுக்கின் நடுவே ஓடும் வடிகாலும் பொதுக்குழாயும் யாருக்குச் சொந்தம்? அதே ஆண்டில் 10ஆம் இலக்கச் சட்டத்தால் பொது வசதிகள் சபையும், 11ஆம் இலக்கச் சட்டத்தால் தொடர்மாடி உரித்து முறையும் தோன்றியமைக்கு இவ்வகைச் சிக்கலே அடிப்படை. விளைவு யாதெனில், ஒரே முற்றத்துக்கு மூன்று அலுவலகங்கள் பொறுப்பாயின. மாநகர சபை குப்பையை அள்ளியது, வரியை அறவிட்டது. ஆனால் ஆதனத்தைப் பற்றி அறிக்கையிடும் பொறுப்பு அதனிடமிருந்து நழுவியது.

1977இன் பின் இந்நழுவல் விரைவு பெற்றது. உள்ளூராட்சியும் வீடமைப்பும் ரணசிங்க பிரேமதாசவின் கீழ் ஒரே அமைச்சில் இணைந்திருந்தன. எனினும் அதிகாரம் மேல்நோக்கியே சென்றது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகாரசபையையும், 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையையும் உருவாக்கின. இக்காலத்தில் குடிசைகள் எண்ணப்பட்டு இலக்கமிடப்பட்டன. குடும்பங்களுக்கு எண்ணிக்கை அட்டைகள் வழங்கப்பட்டன. உறுதி இல்லாதவன் அவ்வட்டையையே உறுதியெனப் பெட்டியில் பூட்டி வைத்தான். பல்லாண்டுகளின் பின் வெளியேற்றம் வந்தபோது, தான் அங்கு வாழ்ந்தவன் என மெய்ப்பிக்க அவன் நீட்டியதும் அதனையே.

பதிவேடு என்பது எப்போதும் நன்மை பயக்கும் எனக் கொள்வதற்கில்லை. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழர் வீடுகள் தேடித் தாக்கப்பட்டபோது, தாக்கியோர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. கூரை ஒழுகுவதை அறியாத அரச ஏடு, கூரையின் கீழ் வாழ்பவன் எவ்வினத்தான் என்பதை நன்கறிந்திருந்தது.

தெஹிவளையின் நிலையைத் தனித்து நோக்குதல் வேண்டும். தெஹிவளை - கல்கிசை 1959இல் மாநகர சபையாயிற்று. காலி வீதியின் இருமருங்கும் நடுத்தர வர்க்கத்தினர்; புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒதுக்குக் காணியில் மீனவரும் கூலித் தொழிலாளரும்; உட்புறக் கால்வாய்க் கரைகளில் மேலும் பல குடிசைகள். படோவிட்ட போன்ற இடங்களில், கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியேற்றப்பட்டனர். 2000ஆம் ஆண்டுகளில் யப்பானியக் கடனுதவியுடன் நடைபெற்ற லுணாவ வாவித் திட்டமும் மொறட்டுவையுடன் இச்சபையின் எல்லையைத் தொட்டது. இத்திட்டங்களை வகுத்து நடத்தியவை மத்திய நிறுவனங்களே. திட்டம் முடிந்தபின் வடிகாலும் வீதி விளக்கும் சபையின் பொறுப்பாகின்றன. மறுபுறம், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரின் வருகையோடு வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தனியார் தொடர்மாடிகள் பெருகின. அவற்றின் பொதுப்பகுதிகளை மேற்பார்வை செய்வது, முன்னைய பொது வசதிகள் சபையின் வழிவந்த கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை. வசதியுள்ளோரின் மாடிக்கும் வறியோரின் மாடிக்கும் சட்டம் ஒன்றே. மின்தூக்கி பழுதானால் திருத்தும் பணந்தான் வேறு.

2001இல் பொரளைக்கு அண்மையில் எழுந்த சகஸ்புர என்னும் 671 வீடுகள் கொண்ட தொடர்மாடி, முடுக்கிலிருந்து மாடிக்கு மக்களை நகர்த்தும் புதிய கொள்கைக்கு முன்னோடியாயிற்று. அதன் தர்க்கம் தெளிவானது: மக்களை மேலே ஏற்றினால் நிலம் கீழே விடுபடும், விடுபட்ட நிலம் முதலீட்டாளருக்கு விற்பனையாகும். அக்காலத்தில் மாநகர சபையும் செவனத்த என்னும் அமைப்பும் நடத்திய கணக்கெடுப்பு, கொழும்பு நகரில் 1,614 குறைவருமானக் குடியிருப்புகளையும் 77,612 குடும்பங்களையும் கண்டது. குழாயும் வடிகாலும் பாதையும் எந்நிலையில் உள்ளன என்பதை இடந்தோறும் நோக்கி அது வகைப்படுத்தியது. அவற்றுட் கணிசமானவை இருந்த இடத்திலேயே மேம்படுத்தத்தக்கவை என்பது அதன் பயன். பத்தாண்டு கழித்து, பாதுகாப்பு அமைச்சின் கீழ் வைக்கப்பட்டிருந்த நகர அபிவிருத்தி அதிகாரசபை தன் நகரப் புத்துருவாக்கத் திட்டத்துக்கென ஏறத்தாழ 1,500 குடியிருப்புகளையும் 68,000க்கு மேற்பட்ட குடும்பங்களையும் எண்ணியது. இவ்வெண்ணிக்கை மேம்பாட்டுக்குரியது அன்று, அகற்றுதலுக்குரியது. கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் 2010 மே மாதத்தில் வீடுகள் இடிக்கப்பட்டபோது சோலைவரி செலுத்தி வந்தோரும் உறுதி வைத்திருந்தோரும் இடிபாட்டின் முன் நின்றனர்.

அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையின்படி உள்ளூராட்சி மன்றங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆய்கின்றார். நிலுவை வாடகை அவ்வாய்வின் கண்ணிற் படும். ஆனால் சபைக்கு உரித்தாகாத, எனினும் சபையின் எல்லைக்குள் உள்ள மாடி வீட்டின் நிலை சபையின் கணக்கில் இல்லை. அதிகாரசபையின் கணக்கில் அது ஒரு திட்டத்தின் செலவாகவே இடம்பெறும். மேற்கூறிய இரு எண்ணிக்கைகளும் கொழும்பு மாநகர எல்லையோடு நின்றுவிடுகின்றன. காலி வீதி வழியே தெற்கே சென்று தெஹிவளைக்குள் நுழைந்ததும் எண்ணுபவர் மாறுகின்றார். ஒதுக்குக் காணிக் குடிசைகளோ வீதியின் இருபுறத்து எல்லையையும் அறியாது கரையோரமாகத் தொடர்கின்றன.