தோலும் தண்ணீரும்: பாராமகால் சாலையில் ஒரு தொட்டி நிரப்பிய கதை

சென்ற கோடையில் எங்கள் வாசக வட்டத்து நண்பர் ஒருவரின் வீட்டு வண்டியில் நாங்கள் நால்வர் சென்னையிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் புறப்பட்டோம். தமிழில் 'கேரவன்' என்றவுடன் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் குளிரூட்டிய பேருந்துதான் நினைவுக்கு வரும். இது அதுவன்று. பழைய வேன் ஒன்றின் உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு கை கழுவும் தொட்டி, இருக்கைக்கு அடியில் 180 லிட்டர் பிடிக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டி என்று நண்பர் பார்த்துப் பார்த்து அமைத்துக்கொண்ட எளிய வண்டி. வாணியம்பாடியைத் தாண்டி நாட்றம்பள்ளியை நெருங்குகையில் தண்ணீர் தீர்ந்தது.

சாலையோரத்து மாந்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டக்காரப் பெரியவரிடம் கேட்டோம். எடுத்துக்கொள்ளச் சொன்னார். குழாயை நீட்டும் நேரத்தில், "இது எதுக்குங்க, வண்டி கழுவவா, குடிக்கவா?" என்று கேட்டார். குடிக்கவும் சமைக்கவும்தான் என்றோம். "அப்ப வேணாங்க. உப்புத் தண்ணி. மாமரம் குடிக்கும், மனுசன் குடிக்க முடியாது. ராத்திரி இங்கயே தங்கிக்கோங்க. காலையில தெருக்குழாய்ல காவேரித் தண்ணி வரும், புடிச்சுக்கலாம்" என்றார்.

பாலாற்றுக்கு அருகில் இருந்துகொண்டு, மேட்டூரிலிருந்து மலையேறி வரும் காவிரிக்காக ஓர் இரவு காத்திருந்தோம். பயணத்தில் தண்ணீர் நிரப்புவது என்ற சிறிய வேலைக்கு இந்த மண்ணில் எத்தனை நீண்ட வரலாறு இருக்கிறது என்ற பேச்சு அன்றிரவு எழுந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

*

வண்டியோடு வீட்டையும் கொண்டுபோவது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத் தந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 1885இல் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டியைச் செய்வித்து உல்லாசப் பயணம் போனதை அவர்கள் தொடக்கமாகக் கொள்கிறார்கள். உல்லாசம் என்ற சொல்லை நீக்கிவிட்டால் நமது கணக்கு மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணர் வண்டிகளை வாசகர்கள் நினைவுகூரலாம். உப்பு மூட்டைகளோடு கோழிக்கூடும் கலங்களும் ஏற்றி, கைக்குழந்தையோடு பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் செல்லும் காட்சி அது. குடும்பமே வண்டியில் நகர்கிறது.

ஆயினும் பொதுவழியில் நடந்தவர்கள் தண்ணீரை அதிகம் சுமக்கவில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. சுமப்பதைக் காட்டிலும், வழியில் கிடைக்கும்படி ஊரார் ஏற்பாடு செய்வதே அறிவுடைமை என்று நமது முன்னோர் கண்டனர். தண்ணீர்ப்பந்தல் அந்த ஏற்பாடு. திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்ததைப் பெரியபுராணம் சொல்லும். முன்பின் அறியாத வழிப்போக்கன் கையேந்திக் குடிக்கலாம், தண்ணீர் நல்லதா என்று கேட்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையே பந்தலின் உண்மையான கொடை என்று நமக்குத் தோன்றுகிறது.

*

பந்தலை நம்பிப் போக முடியாத ஒரு கூட்டம் உண்டு. அது படை. ஓர் ஊர்க் கிணற்றை ஒரு பொழுதில் வற்றச் செய்துவிடும் கூட்டத்துக்குச் சொந்தத் தொட்டி வேண்டும்.

பாராமகால் என்று வழங்கிய இந்த வட்டாரம் சென்னைக்கும் மைசூருக்கும் இடைப்பட்ட படைவழி. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்தது. 1799 பிப்ரவரி 11 அன்று வேலூரிலிருந்து கிளம்பிய ஜெனரல் ஹாரிஸின் படை ஆம்பூருக்கருகே நிஜாமின் படையோடு சேர்ந்து, பாராமகால் வழியே இராயக்கோட்டைக்கு ஏறி, மார்ச் மாதம் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. பின் நடந்தது யாவரும் அறிந்ததே.

இத்தகைய படைகளின் தண்ணீர்த் தொட்டி தோலால் ஆனது. ஒரு முழு எருதின் தோலைத் தைத்துச் செய்த பெரும்பைக்குப் 'பக்கால்' என்று பெயர். ஒரு மாட்டின் இருபுறமும் இரண்டு பைகள் தொங்கும். அவற்றை நிரப்பி ஓட்டி வருபவர் 'பக்காலி'. ஒரு பை ஏறக்குறைய 20 காலன் பிடிக்கும் என்று 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி குறிக்கிறது. ஒரு பட்டாலியனுக்குப் பத்துப் பக்காலிகள் என 1785ஆம் ஆண்டின் மதராஸ் படைவிதிகள் வகுத்திருந்த செய்தியும் அதில் உண்டு.

இருபது காலன் என்பது சுமார் 90 லிட்டர். இரண்டு பைக்கு 180 லிட்டர். எங்கள் நண்பரின் தொட்டியும் அதே அளவு! பட்டறைக்காரர் இருக்கையின் அகலத்தை அளந்து போட்ட கணக்கும், ஒரு மாடு சுமக்கக்கூடியது எவ்வளவு என்று பழைய காலத்தவர் போட்ட கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றதை அன்றிரவு வியந்து பேசினோம். ஒரு மாட்டுக்கு இரண்டு பை என்று கொண்டால், பத்து மாடுகளில் 1,800 லிட்டர். அவ்வளவையும் சேந்தி ஊற்றி நிரப்பியவர்களின் பெயர் ஒன்றுகூட எந்தப் போர் வரலாற்றிலும் இல்லை.

தோளில் ஆட்டுத்தோல் பையைச் சுமந்தவர் பிஸ்தி. பாரசீகத்தில் சொர்க்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் என்பர். 1539இல் சௌசாப் போரில் தோற்று ஆற்றில் தத்தளித்த ஹுமாயூனைக் காற்றடைத்த தோல்பையைத் தந்து காப்பாற்றியவர் நிஜாம் என்னும் தண்ணீர்க்காரர். நன்றிக்கடனாக அவரைச் சிறிது நேரம் அரியணையில் அமர்த்தினார் ஹுமாயூன். தண்ணீர் சுமந்தவர்களுக்கு வரலாறு தந்த இருக்கை அவ்வளவுதான்.

தோல்பைத் தண்ணீரைக் குடிப்பதற்கு மேல்சாதியினர் பலர் உடன்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிஸ்திகளில் பெரும்பாலோர் முஸ்லிம்களாக இருந்தார்கள். தோலை உரித்தவரும் பதனிட்டவரும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கவலை ஏற்றத்தில் மாடுகள் பின்னும் முன்னும் நடக்க, கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவந்ததும் தோல்தான். அந்த நீரில் விளைந்த நெல்லை எவரும் விலக்கவில்லை. தோலைத் தொட்ட தண்ணீர் வாய்க்கு ஆகாது, வயலுக்கு ஆகும் என்பது நமது சமூகம் எழுதாமல் எழுதி வைத்த விதி.

*

இந்த இடத்தில், நாட்றம்பள்ளியைச் சுற்றியுள்ள தோல் வட்டாரத்தின் கதையும் தண்ணீரின் கதையும் எதிர்பாராத விதமாகச் சந்திக்கின்றன.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். காலணிக்கு ஏற்ற அந்தத் தோல், ஓயாமல் நீரில் நனையும் ஏற்றப்பைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பட்டையின் சத்து நீரில் கரைந்து வெளியேற, தோல் விரைவில் அழுகும். உழவருக்கு இது தீராத செலவு. சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903இல் கலைத்தொழிற் பள்ளியில் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அதில் அவர் கண்ணில் முன்னின்ற பொருள்களுள் ஒன்று இந்தக் கவலைப்பை. குரோமியம் ஏற்ற தோல் நீருக்கு அசைந்து கொடுக்காது, நெடுநாள் உழைக்கும்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறோம். குரோமியப் பதனீடு சென்னை மாகாணத்தில் நுழைந்ததன் நோக்கங்களில் ஒன்று, நீரைக் கசியாமல் ஏந்துவது. உழவனின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது.

பிறகு மின்சார மோட்டார் வந்தது. கவலை ஏற்றம் மறைந்தது. நீர் சுமக்கும் வேலையிலிருந்து தோல் ஓய்வு பெற்று, காலணியாகவும் கைப்பையாகவும் கப்பலேறியது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு விதித்து, முழுதாக முடித்த தோலையும் பொருள்களையும் ஊக்குவித்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தொழில் பெருகியது. பல்லாயிரம் குடும்பங்கள், குறிப்பாகக் காலணி ஆலைகளின் பெண்கள், அதனால் உண்டார்கள். இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

கழிவுநீர் பாலாற்றுக்கும் நிலத்துக்கும் போயிற்று. கெடுத்தது குரோமியம் மட்டுமன்று. தோல் அழுகாமலிருக்க இடும் உப்பே பெரும்பங்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டியது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற மதிப்பீட்டை அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. ஒரு கிலோ தோலை முடிக்க சுமார் 35 லிட்டர் நீர் என்பதும் அதில் உள்ளது. எங்கள் நண்பரின் முழுத் தொட்டியும் ஐந்து கிலோ தோலுக்குத்தான் வரும். கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பின்னர் பெருகின. ஆயினும் வழக்கு முடிந்தபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்சநீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

அந்த மாந்தோப்பின் உப்புத் தண்ணீருக்கு நாம் எந்த ஆலையையும் குற்றஞ்சாட்டவில்லை. கரும்பாறைப் பூமியின் ஆழ்துளை நீர் பல இடங்களில் இயல்பாகவே கடினமானது. ஆனால் அப்படிப்பட்ட ஒரு நிலத்தில், ஆற்றங்கரை ஊற்று ஒன்றே இனிய நீருக்கு நம்பிக்கையாக இருந்தது. இழந்தது அதைத்தான்.

*

நாட்றம்பள்ளியிலிருந்து சற்றுத் தொலைவில் ஜோலார்பேட்டை. 1864இல் அங்கிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை திறந்தது. நீராவி எஞ்சினும் ஒரு பெரிய தாகக்காரன்தான். தன் நீரைத் தானே சுமந்து, நிலையங்களில் நின்று நின்று நிரப்பிக்கொண்டு ஓடியது. அந்த ஜோலார்பேட்டையிலிருந்து 2019 ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சென்னை வில்லிவாக்கத்துக்குப் புறப்பட்டது. ஏரிகள் வறண்ட தலைநகரின் தாகத்துக்காக ஓடிய அந்தப் பெரும் பக்காலில் இருந்ததும் பாலாற்று நீரன்று, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்த காவிரி நீர். அக்டோபரில் மழைக்குப் பின் அது நின்றது. எங்களுக்கே இல்லாத தண்ணீரா என்று இங்குள்ளோர் அன்று கேட்ட கேள்வி மட்டும் நிற்கவில்லை.

*

காலை ஐந்தரை மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களின் வரிசைக்குப் பின்னால் எங்கள் வண்டி. முதலில் ஊராருக்கு, பிறகு நமக்கு என்று நண்பர் முன்னரே சொல்லியிருந்தார். தொட்டி நிரப்புவதிலும் சில ஒழுக்கங்கள் உண்டென்று அவரிடம் கற்றோம். குடிநீருக்கான குழாயை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. அதன் வாய் தரையில் படக்கூடாது. முதலில் வரும் நீரைச் சிறிது வெளியே விட்டுவிட்டுத்தான் தொட்டிக்குள் செலுத்த வேண்டும். நிரம்ப நிரம்ப உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். நாட்பட்ட தொட்டியைக் குளோரின் நீரால் அலசிக் கொட்ட வேண்டும். பக்காலியும் தன் பையைப் பற்றி இப்படி ஏதேனும் சொல்லியிருப்பார்.

எங்களுக்குப் பாதித் தொட்டி போதும் என்றோம். கடைசிக் குடத்தோடு நின்றிருந்த அம்மையார் கேட்கவில்லை. "வழியில பாத்துப் புடிக்க முடியாதுங்க. ரொப்பிக்கோங்க" என்றார்.

எட்டுவழிச் சாலையும் எஃகுத் தொட்டியும் அமைக்கத் தெரிந்த காலம் இது. வழியில் எங்கும் அஞ்சாமல் வாய் வைக்கலாம் என்ற அப்பூதியடிகளின் உறுதியைத்தான் தொலைத்துவிட்டோம். ஆகவே வழிப்போக்கர் ஒவ்வொருவரும் ஒரு படையைப் போலத் தம் தண்ணீரைத் தாமே சுமந்து செல்கிறோம். அந்தத் தெருவில் மட்டும் அன்று காலை ஒரு தண்ணீர்ப்பந்தல் இருந்தது. நிரம்பிய தொட்டியோடு வண்டி கனத்து நகர்ந்தது.