ஐவர் வரைந்த விமானம்: மாணவர் கூட்டாய்வின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

அறிவுத் தேட்டம் என்றவுடன், விளக்கொளியில் தனித்திருந்து நூல் புரட்டும் ஓர் அறிஞரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆயினும், இஸ்லாமிய நாகரிகத்தின் மிகச் சிறந்த ஆய்வுகள் சில, பல துறையினர் ஓரிடத்திற் கூடிச் செய்தவையே. இன்றைய பல்கலைக்கழகங்கள் மாணவரைக் குழுவாகப் பிரித்து ஆய்வுத்திட்டம் செய்யப் பணிப்பதற்கு நம் வரலாற்றில் நெடிய முன்னோட்டம் உண்டு. அதன் ஒரு கண்ணி நம் சென்னையின் குரோம்பேட்டையிலேயே இருக்கிறது.

1949ஆம் ஆண்டு சி. ராஜம் அவர்களின் கொடையால் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி தொடங்கப்பட்டது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இராமேசுவரத்து மாணவர் ஒருவர், 1950களில் விமானப் பொறியியல் கற்க அங்கே வந்து சேர்ந்தார். சேர்க்கைக்குத் தேவைப்பட்ட தொகை ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அதற்காக அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அம்மாணவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான மர்ஹூம் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் (1931-2015).

படிப்பின் இறுதிக் கட்டத்தில், தாழ்வாகப் பறந்து தாக்கும் போர்விமானம் ஒன்றை வடிவமைக்கும் திட்டம் கலாம் அவர்களிடமும் சக மாணவர் நால்வரிடமும் ஒப்படைக்கப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பும் அதன் வரைபடங்களும் கலாம் அவர்களின் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை ஏனைய நால்வரும் பகிர்ந்துகொண்டனர்.

பணியைப் பார்வையிட்ட இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் மனநிறைவு கொள்ளவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்டார் மாணவர். அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வரவில்லையானால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார் பேராசிரியர். அத்தொகையின்றிப் படிப்பைத் தொடர வழியில்லாத மாணவர், இரவு உணவையும் மறந்து வரைபலகையின் முன் அமர்ந்தார். ஞாயிறு காலை பணி முடியும் தறுவாயில் பின்னால் ஒருவர் நிற்பதை உணர்ந்து திரும்பினார். டென்னிஸ் ஆட்டம் முடித்து அதே உடையில் வந்திருந்த பேராசிரியர், வரைபடத்தை நோக்கிவிட்டு மாணவரை அன்போடு தட்டிக்கொடுத்துப் பாராட்டினார். ‘அக்கினிச் சிறகுகள்’ எனத் தமிழில் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் கலாம் அவர்களே இதனைக் கூறியுள்ளார்.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் தனிமனித உழைப்பின் சான்றாகவே எடுத்துரைக்கின்றனர். அது தவறன்று, எனினும் முழுமையுமன்று. விமான வடிவமைப்பில் காற்றியக்கம் என்பது வேர் போன்றது. இறக்கையின் பரப்பும் வடிவும் முடிவானாலன்றி, அதன்மேல் விழும் சுமையைக் கட்டமைப்பாளர் கணக்கிட இயலாது. காற்றின் எதிர்ப்பு எவ்வளவு என்று தெரியாமல் எஞ்சினின் வலிமையைத் தீர்மானிக்க முடியாது. விமானத்தின் நிலைப்பாடு அறியப்படாமல் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாகாது. எனவே ஒருவரின் தாமதம் ஐவரின் தாமதமாகிறது. பல்துறைக் கூட்டாய்வில் என் பங்கு என்பது எனக்கு மட்டும் உரியதன்று. பிறர் என்னிடம் ஒப்படைத்த அமானிதம். கடிந்துகொண்ட ஆசிரியர் காத்தது இந்த அமானிதத்தையே என நாம் கருதுகிறோம்.

இத்தகைய பணிப்பகிர்வு நமக்குப் புதிதன்று. கலீஃபா மஃமூன் (ஆட்சி 813-833) காலத்தில், பூமியின் சுற்றளவை அறியும் பொருட்டு வானியலார் சின்ஜார் சமவெளிக்கு அனுப்பப்பட்டனர். ஓரிடத்திலிருந்து ஒரு குழு வடக்கேயும் மறு குழு தெற்கேயும் நிலத்தை அளந்துகொண்டே சென்றன. வான்பொருளின் உயரம் ஒரு பாகை மாறும்வரை நடந்து, தூரத்தை ஒப்பிட்டன. ஒரு பாகைக்கு ஐம்பத்தாறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு என்ற அளவு அம்முயற்சியின் பயனாகக் குறிக்கப்படுகிறது. ஒரு குழுவின் கணக்கை மறு குழுவின் கணக்கால் சரிபார்க்கும் முறை அங்கே இருந்தது.

இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது சமர்கந்து. உலூக் பேக் அங்கே 1417 முதல் 1420 வரை ஒரு மதரஸாவை எழுப்பினார். பின்னர் ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆரமுடைய அளவுக்கருவி கொண்ட வானாய்வுக் கூடத்தையும் அமைத்தார். கணிதமேதை ஜம்ஷீத் அல்காஷீ தம் தந்தைக்கு எழுதிய மடல்கள் அங்கு நிகழ்ந்த அறிவரங்கங்களைக் காட்டுகின்றன. மன்னரும் ஆசிரியரும் மாணவரும் ஒரே அவையில் அமர்ந்து கணக்குகளை விவாதித்தனர். 1429இல் அல்காஷீ மறைந்தார். காழீஸாதா ரூமியும் பணி முடியுமுன் மறைந்தார். மாணவராயிருந்து வளர்ந்த அலீ குஷ்ஜீ அப்பணியை நிறைவுக்குக் கொண்டுவந்தார். 1018 விண்மீன்களின் இருப்பிடங்களைத் தரும் பட்டியல் அவ்வாறு உருவாயிற்று.

அந்நூலின் முன்னுரையில் உலூக் பேக் இம்மூவரின் பெயரையும் குறிப்பிடுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. ஆட்சியாளர் தம் பெயரை மட்டும் பொறித்திருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை அறிவித்த ஒவ்வொருவர் பெயரையும் இஸ்னாதில் காக்கும் சமுதாயத்துக்கு இது இயல்பான பண்பே. ஆனால், கலாம் அவர்களோடு அந்த விமானத்தை வடிவமைத்த நால்வரின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? புகழ் பெற்றவர் ஒருவரை நினைவிற் கொண்டு, உடன் உழைத்தோரை மறப்பது வரலாற்றாசிரியர்க்கு அழகன்று.

குரோம்பேட்டையின் கதை அத்தோடு முடியவில்லை. 1978இல் அந்நிறுவனம் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அவ்வளாகத்தில் ஆசிரியரும் மாணவரும் இணைந்து உருவாக்கிய நாற்பது கிலோ எடையுள்ள ‘அனுசாட்’ 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுவே. குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் பதினைந்து கிலோ எடையுள்ள ‘நியூசாட்’ 2017 ஜூன் 23 அன்று விண்ணேகியது. பயிர்களைக் கண்காணிப்பதும் பேரிடர்க் காலத்தில் படமெடுத்து உதவுவதும் அதன் நோக்கம். மின்னணுவியலார், இயந்திரவியலார், கணினியார் ஆகியோருள் எவரும் தனித்து இவற்றைச் செய்திருக்க இயலாது.

இனி நம் இன்றைய நிலைக்கு வருவோம். அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பொறியியல் பயிலும் முஸ்லிம் இளைஞர் பலரை நாம் அறிவோம். கலாம் அவர்கள் 1992 முதல் 1999 வரை தலைமை தாங்கிய பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் போர் வாகனக் கூடம் அருகிலுள்ள ஆவடியில்தான் இயங்குகிறது. எனினும், இறுதியாண்டு ‘புராஜெக்ட்’ என்பதைக் கடையில் விலைகொடுத்து வாங்கி, நால்வர் பெயரையும் மேலே ஒட்டி, ஒப்பிப்பதற்கு மட்டும் நாலு விடைகளை மனனம் செய்யும் வழக்கம் மாநகரெங்கும் பரவியிருக்கிறது. இது மதிப்பெண்ணைத் தரலாம். ஆனால் செய்யாத பணிக்குத் தன் பெயரை இடுவது, கேளாத ஹதீஸைக் கேட்டதாக அறிவிப்பதைப் போன்ற நேர்மைக் கேடே ஆகும்.

மறுபுறம், நம் அரபுக் கல்லூரி மாணவர்க்கோ பிற துறையினருடன் சேர்ந்து ஆயும் வாய்ப்பு மிகக் குறைவு. இரு சாராரும் கூடினால் செய்யத்தக்க பணி நம் வீடுகளிலேயே கிடக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் வழங்கிய அரபுத்தமிழ் ஏடுகளை எண்ணிப் பாருங்கள். அவ்வெழுத்தை வாசிக்க ஆலிம் வேண்டும். சொல்லை விளக்கத் தமிழறிஞர் வேண்டும். இற்றுப்போகும் தாளையும் மையையும் காக்க வேதியியலார் வேண்டும். படமெடுத்து அட்டவணைப்படுத்தக் கணினி மாணவர் வேண்டும். இவர்களுள் ஒருவர் பிந்தினாலும், பூச்சியும் ஈரமும் பிந்துவதில்லை.

ஒரு மதரஸா, ஒரு பொறியியல் கல்லூரி, ஐந்து மாணவர், ஒரு பெட்டி நிறைய ஏடுகள். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். பணி நிறைவுறும் நாளில் அதன் முதற்பக்கத்தில் ஐவரின் பெயரும், அவரவர் செய்த பங்கும் தவறாது எழுதப்படல் வேண்டும்.