வழுக்கும் தரையில் நிற்கக் கற்றல்: கர்லிங் ஆட்டத்தின் கதை



சில ஆண்டுகளுக்கு முன்பு, குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பனிக்கட்டியைத் துடைப்பத்தால் கூட்டுகிறார்களே, அதுவும் ஒரு விளையாட்டா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பட்டர்வொர்த்தில் வாழும் நமக்குப் பனிக்கட்டி என்றால் ஐஸ் கச்சாங்; இல்லையேல் சந்தையில் மீன்மேல் கொட்டும் ஐஸ்கட்டி. அதன்மீது ஏறி நின்று விளையாடுவது நம் கற்பனைக்கு எட்டாதது. ஆயினும் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் விடுவது ஆசிரியருக்கு அழகன்று. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஆட்டத்தைவிட அதைக் கற்பிக்கும் முறையும், பனிமீது இறங்கலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் முடிவு செய்த வரலாறுமே என்னை ஈர்த்தன.

முதலில் மாணவனுக்குரிய விடை. கர்லிங் ஆட்டத்தில் அணிக்கு நால்வர். கைப்பிடி பொருத்திய வட்டமான கருங்கல்லை, ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளத்தில் வழுக்கவிட்டு, மறுமுனையிலுள்ள வட்டத்தின் நடுப்புள்ளிக்கு அருகே நிறுத்தவேண்டும். கல்லின் எடை 20 கிலோவுக்குச் சற்றே குறைவு. கையைவிட்டு நீங்கும்போது கல்லுக்கு மெல்லிய சுழற்சி கொடுத்தால் அது வளைந்து செல்லும். ஓடும் கல்லின் முன்னே துடைப்பத்தால் அழுத்தித் தேய்க்கும்போது பனியின் மேற்பரப்பு சிறிது சூடேறி உராய்வு குறைகிறது. கல் இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் நேராகச் செல்கிறது. ஆக, கூட்டுவது குப்பைக்காக அன்று.

தொடக்கத்தில் அது குப்பைக்காகவும்தான்! உறைந்த குளத்தின்மேல் விழுந்த பனித்தூளை அகற்றத்தான் ஸ்காட்லாந்து உழவர்கள் துடைப்பம் கொண்டு சென்றனர். அந்நாட்டின் பெய்ஸ்லி மடத்தைச் சேர்ந்த துறவி ஒருவரும் அவருடைய எதிராளியும் பனிமீது கல்லெறிந்து போட்டியிட முனைந்ததை, 1541இல் ஓர் ஆவண எழுத்தர் இலத்தீன் மொழியில் பதிவு செய்து வைத்தார். ஸ்டெர்லிங் கல் எனப்படும் பழைய கல்லொன்றில் 1511 என்று பொறிக்கப்பட்டுள்ளது. அக்காலக் கற்களுக்குக் கைப்பிடி இல்லை. விரல் நுழையும் குழிகள் மட்டுமே. பிறகு ஆற்றுப் பாறைகளில் இரும்புக் கைப்பிடி பொருத்தினர். அவற்றுள் ஐம்பது கிலோவைத் தாண்டியவையும் உண்டு. பனிமீது வழுக்காமல் நிற்கக் காலணியில் இரும்பு முள் கட்டிக்கொண்டனர். 1804இல் எடின்பர்க் அருகேயுள்ள டடிங்ஸ்டன் சங்கத்தார் விதிமுறைகளை எழுதினர். 1838இல் நாடு தழுவிய சங்கம் தோன்றியது. 1842இல் விக்டோரியா அரசியார் ஸ்கூன் அரண்மனைக்கு வந்தபோது, உறைந்த குளம் இல்லாத காலமாகையால், நடன மண்டபத்தின் மெருகேற்றிய தரையிலேயே ஆடிக் காட்டினார்கள். மறு ஆண்டு சங்கத்திற்கு 'ராயல்' பட்டம் கிட்டியது. பனியே இல்லாமல் கர்லிங் ஆட முடியும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பழைய சான்று. இதற்குப் பின்னர் வருகிறேன்.

1847 முதல் ஃபோர்த் ஆற்றின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே 'பெரும்போட்டி' நடக்கத் தொடங்கியது. ஒரே ஏரியின்மேல் ஆட்டக்காரர் பல நூறு பேர், வேடிக்கை பார்ப்போர் ஆயிரக்கணக்கில். அடியில் ஆழ்ந்த நீர். அத்தனை பேரையும் பனி தாங்குமா என்ற அச்சம் சங்கத்தாரை வாட்டியிருக்கிறது. அவர்கள் கண்ட தீர்வை நான் மிகவும் மெச்சுகிறேன். பெர்த்ஷயரில் கார்ஸ்பிரெக் என்னுமிடத்தில் தாழ்வான நிலத்தில் நீர் தேக்கி, ஆழம் குறைந்த குளமொன்றைச் சங்கமே உருவாக்கியது. 1853இல் அங்கே முதல் பெரும்போட்டி. 1935 வரை மொத்தம் 25 போட்டிகள். ஆட்டக்காரர்கள் வந்து இறங்கத் தனியாக ஓர் இரயில் நிலையம்கூட இருந்தது.

இன்று பெரும்பாலும் உள்ளரங்குகளில்தான் ஆடுகிறார்கள். 1870களில் இங்கிலாந்தில் செயற்கைப் பனித்தளங்கள் தோன்றின. கனடாவில் ஆட்டம் பள்ளிகளுக்குள் புகுந்தது. 1950இல் பள்ளி மாணவர்களுக்கென்றே தேசிய போட்டி தொடங்கியது. அங்கே இடைநிலைப்பள்ளி மாணவனுக்குக் கற்பிக்கும் முதல் பாடம் கல்லெறிவது அன்று, நிற்பது. ஒரு காலணியின் அடிப்புறம் வழுக்கும். மற்றதில் பிடிமான இரப்பர். தளத்தில் இறங்கும்போது இரப்பர்க் காலையே முதலில் வைக்கவேண்டும். வழுக்கும் காலை முதலில் வைத்தவன் பின்புறமாக விழுவான். பின்மண்டை பனியில் மோதும். அதனால்தான் புதியவர்க்குத் தலைக்காப்பு அணிவிக்கிறார்கள். கல்லைத் தரையிலிருந்து தூக்கக் கூடாது. ஓடிவரும் கல்லைக் காலாலோ கையாலோ தடுக்கக் கூடாது. இவை எல்லாம் தெரிந்த பிறகுதான் உந்துகட்டையில் கால் பதித்து, தாழ்ந்து குனிந்து, கல்லோடு சேர்ந்து வழுக்கப் பழக்குகிறார்கள். கற்பிப்போர் முதல் நாளையே இதற்குச் செலவிடுவது எனக்கு நம் எழுத்துப் பயிற்சியை நினைவூட்டியது. பென்சில் பிடிக்கத் தெரியாதவனிடம் கட்டுரை கேட்பதில்லை.

திறந்தவெளிப் பனி வேறு கதை. தெளிந்த நீல நிறப் பனி வலியது. வெண்பனிக்கு ஏறத்தாழ அதில் பாதி வலிமைதான். சாம்பல் நிறப் பனியை நம்பவே கூடாது. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் ஒருவர் தனியே நடக்க 15 செ.மீ., கூட்டமாக ஆட 20 செ.மீ. தடிமன் வேண்டும் என்கிறது. உடைந்து நீரில் விழுந்தவன் வந்த திசைக்கே திரும்பவேண்டும். அதுவரை தாங்கிய பனி அதுதான். கால்களை உதைத்து, மேலே ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே கரை சேரவேண்டும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதனை ஒன்று-பத்து-ஒன்று என நினைவில் வைக்கச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரால் நினைவிழக்கச் சுமார் 1 மணி நேரம்.

இனி 2010 ஜனவரிக்கு வருகிறேன். அம்மாதம் ஸ்காட்லாந்தில் கடுங்குளிர். 1979க்குப் பின் பெரும்போட்டி நடக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து மென்டீத் ஏரி நன்கு உறைந்திருந்தது. தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு. ஆனால், பாதுகாப்புக் காரணங்களால் போட்டி கைவிடப்பட்டது. பலர் கொதித்தனர்; கோழைத்தனம் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. தாமாகவே ஏரியில் இறங்கி ஆடியவர்களும் உண்டு. முதலில் படித்தபோது நானும் அந்த ஏளனத்தின் பக்கமே சாய்ந்தேன். பிறகுதான் அது எந்த மாதம் என்று கவனித்தேன்.

அதே மாதம் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நமக்கு எதிர்க்கரையில், மெக்கலம் ஸ்திரீட் காட் அருகே, இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பயிற்சிக்குச் சென்ற டிராகன் படகு கடலில் கவிழ்ந்தது. படகில் 18 பேர். ஐந்து மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தனர். யாரையும் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆசிரியர் தம் மாணவர்களோடு சென்றவர், அவர்களோடே போய்விட்டவர். புறப்பாட நடவடிக்கைக்கு மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் அந்த ஞாயிறு என் நினைவுக்கு வருகிறது. பெர்ரியில் கடலைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க என்னால் இயலுவதில்லை. கைவிடப்பட்ட போட்டியால் ஸ்காட்லாந்துக்காரர்கள் இழந்தது என்ன என்று கணக்கிட்டால், ஒரு நாள் ஆட்டம்.

நம் நாட்டிலும் பனித்தளம் இல்லாமலில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் பேரங்காடிகளுக்குள் சறுக்குத் தளங்கள் உண்டு. 2017இல் கோலாலம்பூர் சீ விளையாட்டில் முதன்முறையாகப் பனி விளையாட்டுகள் இடம்பெற்றன. 2018இல் ஜூலியன் யீ குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கினார். எனினும் நம் பிள்ளைகளுக்கு எட்டும் வழி விக்டோரியா அரசியார் கண்ட வழிதான். அடியில் சிறு உருளைகள் பொருத்திய நெகிழிக் 'கல்'லைப் பள்ளி மண்டபத் தரையில் உருட்டி ஆடும் தரைக் கர்லிங் இப்போது பல நாடுகளின் பள்ளிகளில் உண்டு. மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைய எவருக்கும் அனுமதிக் கடிதம் தேவையில்லை (பிறகு துடைக்கவேண்டும் என்பது வேறு).

இத்தனையும் படித்தபின் அம்மாணவனை அழைத்துத் துடைப்பத்தின் காரணத்தைச் சொன்னேன். தலையாட்டினான், அவ்வளவாக வியப்படையவில்லை. கார்ஸ்பிரெக் குளத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. "ஆழமில்லாத குளமா, ஐயா? அப்படியென்றால் பனி உடைந்தாலும் எழுந்து நின்றுகொள்ளலாமே!" என்றான்.