அமெரிக்காவில் யாருக்குக் கர்ப்பம் ‘நல்ல செய்தி’?

இந்த எபிசோட் ஒரே ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்குது. அமெரிக்க அரசு பல வருஷமா ஒரு பெரிய குடும்ப சர்வே நடத்துது. நேஷனல் சர்வே ஆஃப் ஃபேமிலி க்ரோத்னு பேரு. அதில் பெண்களிடம் கேட்கிறார்கள்: கர்ப்பம்னு தெரிஞ்சப்போ எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க? 1 என்றால் சந்தோஷமே இல்லை, 10 என்றால் ரொம்ப சந்தோஷம்.

நம்ம ஊர்ல இந்தக் கேள்வியே விநோதமா இருக்கும். “வீட்ல ஏதாவது விசேஷமா?”ன்னு கேட்டே பழகினவங்க நாம. சந்தோஷம் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கு. மார்க் போட இடமே இல்ல.

எனக்கு வேலையே டேட்டாபேஸோடதான். இப்படி ஒரு எண் கண்ணில் பட்டால் கை தானாகவே ‘குரூப் பை’ போடும்: வயசு, வருமானம், இனம். ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் செய்தார்கள். திட்டமிடாத கர்ப்பமாக இருந்தாலும் ஹிஸ்பானிக் பெண்கள் மற்றவர்களைவிட அதிக சந்தோஷம் சொல்கிறார்கள். கறுப்பினப் பெண்களின் சராசரி பல ஆய்வுகளில் வெள்ளையினப் பெண்களைவிடக் குறைவு. கல்யாணம் ஆனதா, கையில் காசு இருக்கா என்பதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும், உண்மைதான். ஆனால் மீதியைப் பார்த்துட்டு “அது அவங்க கலாச்சாரம் பாஸ்”னு சொல்லிட்டுப் போறது ரொம்ப ஈஸி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பெண்ணுடைய கர்ப்பம் அவளுக்கு என்ன கொண்டு வரும் என்பதை அவள் நிறத்தைப் பார்த்து வேறு யாரோ தீர்மானித்த வரலாறு அங்கே முந்நூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கு. அதுக்கப்புறம்தான் அவளிடம் வந்து 1-லிருந்து 10-க்குள் ஒரு நம்பர் சொல்லுன்னு கேக்கறாங்க.

1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலைதான் முடிவு செய்யும். தாய் அடிமை என்றால் குழந்தையும் அடிமை, அப்பா யாராக இருந்தாலும் சரி. முதலாளியே அப்பாவாக இருந்தாலும் சரி! 1808-இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் பருத்தித் தோட்டங்களுக்கு ஆள் தேவை குறையவே இல்லை. அதனால் அடிமைப் பெண்களின் கர்ப்பமே புதிய ஆட்கள் வரும் முக்கிய வழியானது. 1810-இல் சுமார் 12 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் கிட்டத்தட்ட 40 லட்சம். சுதந்திரப் பிரகடனம் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் 1820-இல் ஒரு கடிதத்தில் கணக்குப் போடுகிறார்: தோட்டத்தின் மிகச் சிறந்த ஆண் கூலியைவிட, இரண்டு வருஷத்துக்கு ஒரு குழந்தை பெறும் பெண்தான் அதிக லாபம்.

அந்தப் பெண்கள் பக்கம் நின்று பார்த்தால்? அடிமைத்தனத்தில் இருந்து தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861-இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். பிறந்தது பெண் குழந்தை என்று கேட்டதும் தன் மனசு முன்பைவிடக் கனத்தது என்கிறார். அடிமை வாழ்வு ஆணுக்குக் கொடுமை, பெண்ணுக்கு அதைவிடக் கொடுமை என்று அனுபவத்தில் தெரிந்தவர் அவர். சில பெண்கள் கரு தங்காமல் இருக்கப் பருத்தி வேரை மென்றார்கள் என்று அந்தக் கால டாக்டர்களே புகாராக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தச் செடிக்காக உழைக்க வைத்தார்களோ, அதே செடியின் வேர்.

இதை வைத்து அவங்களுக்குக் குழந்தைகள் மேல ஆசை இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. உள்நாட்டுப் போர் முடிந்ததும் கறுப்பினப் பத்திரிகைகளில் அம்மாக்கள் விளம்பரம் கொடுத்தார்கள், விற்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடி. பத்து, இருபது வருஷம் கழித்தும் அந்த விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன.

சரி, இப்போ ஒரு பெரிய ஜம்ப். 1945-லிருந்து 1973 வரை. இந்தக் காலத்தைப் பற்றி ரிக்கி சாலிஞ்சர் என்ற வரலாற்றாசிரியர் 1992-இல் ஒரு புத்தகம் எழுதினார். படிச்சப்போ எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா, ஒரே நாடு, ஒரே வருஷம், கல்யாணமாகாத இரண்டு இளம்பெண்கள், இரண்டு பேரும் கர்ப்பம். ஒருத்தி வெள்ளை, ஒருத்தி கறுப்பு. அதுக்கப்புறம் நடக்கிற எல்லாமே வேற.

வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மனநலக் கோளாறு என்றார்கள் நிபுணர்கள். கோளாறு என்றால் குணப்படுத்தலாம் இல்லையா? வயிறு தெரிவதற்குள் அவளை ஊரை விட்டு அனுப்புவார்கள். அக்கம்பக்கத்தில் “அத்தைக்கு உடம்பு சரியில்ல, பார்த்துக்கப் போயிருக்கா” என்று ஒரு கதை. அவள் போய்ச் சேர்வது கல்யாணமாகாத கர்ப்பிணிகளுக்கான ஒரு விடுதிக்கு. அங்கே பல பெண்களுக்குப் பொய்ப் பெயர். வெளியே போகும்போது விரலில் பொய்க் கல்யாண மோதிரம். குழந்தை பிறந்ததும் கையெழுத்து வாங்கித் தத்து கொடுத்துவிடுவார்கள். வெள்ளைக் குழந்தைக்காகக் குழந்தையில்லாத வெள்ளைத் தம்பதிகள் காத்திருந்தார்கள். “எதுவும் நடக்கல, மறந்துடு, உனக்குன்னு ஒரு கல்யாணம் நடக்கும்” என்று பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 15 லட்சம் என்கிறார் ஆன் ஃபெஸ்லர். அவரும் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைதான். அந்த அம்மாக்கள் நூறு பேருக்கு மேல் தேடிப் போய்ப் பேசி 2006-இல் புத்தகம் போட்டார். நாற்பது வருஷம் ஆகியும் அவர்களில் பலர் எதையும் மறந்திருக்கவில்லை.

கறுப்பினப் பெண்ணுக்கு இந்த விடுதிகளில் பெரும்பாலானவற்றின் கதவு திறக்காது. அவளுக்கு மனநலக் கோளாறு என்றுகூட யாரும் சொல்லவில்லை. “அவங்க அப்படித்தான்” என்று விட்டுவிட்டார்கள். அவள் குழந்தையைத் தத்து கேட்டும் யாரும் காத்திருக்கவில்லை. அதனால் குழந்தை வீட்டிலேயே வளர்ந்தது, பாட்டி, சித்தி, பெரியம்மா கையில். ஒரு விதத்தில் வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கிடைக்காத ஒன்று இவளுக்குக் கிடைத்தது: தன் குழந்தை. அந்த வீடுகளில் சந்தோஷம் இருந்திருக்கும், கண்டிப்பா.

ஆனால் வாசலுக்கு வெளியே கதை வேறு. 1960-இல் லூசியானா மாநிலம், கல்யாணமாகாமல் குழந்தை பெற்ற தாயின் வீடு ‘பொருத்தமற்ற வீடு’ என்று சொல்லி சுமார் 23,000 குழந்தைகளின் உதவித்தொகையை நிறுத்தியது. பெரும்பாலானவர்கள் கறுப்பினக் குழந்தைகள். பள்ளிகளில் கறுப்பு-வெள்ளைப் பிரிவினையைக் காப்பாற்ற அந்த மாநிலம் சட்டங்கள் போட்டுக்கொண்டிருந்த அதே வருஷம் அது. தற்செயல்னு எனக்குத் தோணல. ஒருத்தியிடம் குழந்தையைக் கொடு என்றார்கள், இன்னொருத்தியிடம் ஏன் பெற்றாய் என்றார்கள்.

அடுத்த வருஷம், 1961, மிசிசிப்பி. ஃபேனி லூ ஹேமர், பருத்தித் தோட்டத் தொழிலாளி. பிறகு ஓட்டுரிமைப் போராட்டத்தில் நாடே அறிந்த பெயர். சொந்தமாகப் பெற்ற குழந்தை அவருக்கு நிலைக்கவில்லை, பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். கர்ப்பப்பையில் இருந்த கட்டியை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் கேட்காமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். அவருக்கு அது எப்படித் தெரிய வந்தது தெரியுமா? முதலாளி வீட்டுச் சமையலறையில் பேச்சாக அடிபட்டு, ஊர் சுற்றி, அவர் காதுக்கு வந்தது. இது அங்கே அவ்வளவு சகஜம் என்பதால் ‘மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்’ என்றே ஒரு பட்டப்பெயர் இருந்தது.

1973 ஜனவரியில் ரோ வெர்சஸ் வேட் தீர்ப்பு வந்து கருக்கலைப்பு உரிமையானது. அதே வருஷம் ஜூனில் அலபாமாவின் மான்ட்கோமரியில் 14, 12 வயசுள்ள இரண்டு கறுப்பினச் சகோதரிகளுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள். படிக்கத் தெரியாத அம்மா ஊசி போடத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பேப்பரில் பெருக்கல் குறி போட்டிருந்தார். அந்த வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிபதி, அரசுப் பணத்தில் வருஷத்துக்கு 1 லட்சம் முதல் 1.5 லட்சம் ஏழைகளுக்குக் கருத்தடை செய்யப்படுவதாகத் தீர்ப்பில் பதிவு செய்தார். 1994-இல் சிகாகோவில் கறுப்பினப் பெண்கள் சிலர் கூடி ‘இனப்பெருக்க நீதி’ என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். குழந்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை மட்டும் போதாது, பெற்றுக்கொள்ளும் உரிமையும், பெற்றதைப் பயமில்லாமல் வளர்க்கும் உரிமையும் வேண்டும் என்றார்கள். ஹேமர் கதை கேட்டவங்களுக்கு ஏன்னு விளக்க வேண்டியதில்ல.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைச்சா, 2021-ஆம் ஆண்டின் அமெரிக்க அரசுக் கணக்கைப் பாருங்க. ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த கறுப்பினத் தாய்மார்கள் 69.9 பேர், வெள்ளையினத் தாய்மார்கள் 26.6 பேர். படிப்பும் காப்பாற்றவில்லை. பட்டம் வாங்கிய கறுப்பினப் பெண்ணுக்கு இருக்கும் ஆபத்து, பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்ணுக்கு இருப்பதைவிட அதிகம்.

பணமும் புகழும்? 2017 செப்டம்பரில் செரீனா வில்லியம்ஸுக்குச் சிசேரியனில் மகள் பிறந்தாள். மறுநாள் மூச்சு வாங்கியது. ஏற்கனவே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர் என்பதால் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியும். சி.டி. ஸ்கேனும் ரத்தத்தை இளக்கும் மருந்தும் வேண்டும் என்று நர்ஸிடம் சொல்கிறார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்ததாக வோக் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். டாக்டர் வந்து முதலில் எடுத்தது காலுக்கு அல்ட்ராசவுண்ட். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விடாமல் கேட்டபிறகுதான் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன. மகள் பிறந்து அப்போது ஒரு நாள்தான் ஆகியிருந்தது.