செட்டியார் கடையும் வெள்ளைக்கார வங்கியும்

கலேவெல பக்கம் பெரிய வெங்காயம் போடுறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தம்புள்ளைச் சந்தையில் எத்தனை கமிஷன் கடை இருந்தாலும், பலர் வருஷா வருஷம் ஒரே கடையில்தான் மூட்டையை இறக்குவார்கள். "கஷ்டத்துக்குக் காசு தந்தவர் அவர்தானே" என்பார்கள். விலை கொஞ்சம் குறைந்தாலும் வாய் திறக்க ஏலாது.

இதே உறவு நூறு வருஷத்துக்கு முன் கொழும்பில் மிகப் பெரிய அளவில் இருந்தது. மெர்க்கன்டைல், சார்ட்டர்ட் போன்ற வெள்ளைக்கார வங்கிகளுக்கு உள்ளூர் வியாபாரியை யாரென்றே தெரியாது. ஆனால் கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைத் தெரியும். வங்கியில் சிறாப்பர் என்றொருவர் இருப்பார். எந்தக் கடைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்வதும், அதற்குப் பொறுப்பு நிற்பதும் அவர் வேலை. அவர் தலையாட்டினால் பெரிய ஈடு எதுவும் இல்லாமலே கடன் கிடைக்கும். அந்தக் காசைச் செட்டியார்கள் கூடிய வட்டிக்கு அரிசி வியாபாரிக்கும், சின்னத் தோட்டக்காரருக்கும், கண்டி, மாத்தளை வரைக்கும் கொடுத்தார்கள்.

ஏற்பாடு மோசம் என்று சொல்ல முடியாது. வழக்கறிஞர் செலவில்லை, விசாரிக்கும் செலவில்லை. இந்த முறை ஏமாற்றினால் அடுத்த முறை கடன் இல்லை. அந்தப் பயமே பெரிய பத்திரம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அடுத்ததை லேசாக்கியது.

சிக்கலும் அதிலேயே இருந்தது. பழக்கம் இல்லாதவன் எவ்வளவு நாணயமானவனாக இருந்தாலும் வங்கி வாசல் அவனுக்குத் திறக்காது. செட்டியாரிடம்தான் போக வேண்டும், அவர் சொல்லும் வட்டியைத்தான் கட்ட வேண்டும். வங்கிகளும் உள்ளூர் வியாபாரத்தை நேரே பார்த்து எடைபோடப் பழகவே இல்லை. எல்லாவற்றுக்கும் சிறாப்பரின் கண்தான்.

1925இல் செட்டியார் கடை ஒன்று முறிந்தது. வங்கிகள் அந்த ஒரு கடையோடு நிற்கவில்லை. எல்லாச் செட்டியார்களுக்கும் கையை இறுக்கின. பிறகு 1929இன் உலக மந்தம். கடன் திரும்பாத இடங்களில் ஈடு வைத்த தோட்டமும் காணியும் செட்டியார் கைக்குப் போயின. அவர்கள் மீது எழுந்த கோபம் ஊரறிந்தது. பல தலைமுறைகளாக அதே ஆட்களுக்கே கடன் கொடுத்து லாபம் பார்த்த வங்கிகளை அவ்வளவாக யாரும் திட்டவில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

1934இல் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. உள்ளூர்க்காரனுக்குக் கடன் கிடைப்பதில்லை என்ற முறைப்பாடு அதன் முன் வந்தது. இலங்கை வங்கி 1939 ஆகஸ்ட் 1இல் கொழும்பில் திறந்தது. கிராமத்து விவசாயியையும் கூட்டுறவுச் சங்கங்களையும் குறிவைத்து மக்கள் வங்கி வருவதற்கு 1961 ஆகிவிட்டது.