அலைக்கு வளைந்து கொடுத்த படகு

நண்பன் ஒருவன் சின்னதாக ஒரு பாய்மரப் படகு வாங்கப் போகிறான். அதை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுக் கரைக்கு வந்துபோகக் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்றும் வேண்டும். சிதம்பரத்தில் ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் இதையே பேசினோம். பிவிசி என்றால் விலை குறைவு, ஆனால் நம்மூர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். ஹைபலான் வெயில் தாங்கும், காசு அதிகம். அடிப்பாகம் கெட்டியாக இருந்தால் வேகம் கிடைக்கும். காற்றுத் தளம் என்றால் சுருட்டி வைத்துவிடலாம். கடைசியில் அவன் கேட்டான்: “எல்லாம் சரிடா, கடலூர்ல கரை இறங்கணும்னா எது தாங்கும்?”

இந்தக் கேள்வியைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கேட்டிருக்கிறது.

சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் ஆழத்தில் நிற்கும். நடுவில் அலை உடைகிற பட்டை. ஐரோப்பியக் கப்பலின் சொந்தப் படகுகள் ஆணியும் சட்டமும் வைத்து இறுக்கமாகக் கட்டப்பட்டவை. அலை தூக்கி மணலில் அடித்தால் பிளந்துவிடும். அதனால் அவர்கள் உள்ளூர் மசூலாப் படகை நம்பினார்கள். அதில் இரும்பாணி இல்லை, உள்ளே விலாச்சட்டம் இல்லை. மெல்லிய பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, மூட்டுகளில் நார் அடைத்திருப்பார்கள். தரை தட்டும்போது படகு நெளியும், உடையாது. ஒழுகும்தான், இறைத்துக்கொண்டே வருவார்கள். கவிழ்ந்தால் ஆளைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும். ரப்பர் குழாயில் இன்று காற்று செய்கிற வேலையை அன்று கயிறு செய்தது.

1690-இல் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததும் கம்பெனியின் தலைமையிடம் இங்கே வந்தது. ராபர்ட் கிளைவ் தப்பி வந்து சேர்ந்ததும் இங்கேதான். 1758-இல் லாலி கோட்டையைப் பிடித்தார். 1783 ஜூன் 20 அன்று இதே கடலூர்க் கடலில் சுஃப்ரேனும் ஹியூஸும் மோதினார்கள். அதற்கு முன் சுஃப்ரேன் தன் கப்பல்களில் ஆள் போதாமல் கரையில் இருந்த படையிலிருந்து சுமார் 1,200 பேரை ஏற்றிக்கொண்டார்.

பள்ளிப் பாடத்தில் தளபதிகள் பெயர் வரும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் துணிப்பொதி, அரிசி, கடிதம், ஆள் என எல்லாவற்றையும் கடத்திவிட்டவர்கள் பெயர் வராது. இரண்டு பேரரசுகள் சண்டை போட்டன. இரண்டுமே கடைசி அரை மைலுக்கு நம் படகோட்டிகளின் கையை எதிர்பார்த்து நின்றன. எந்த அலையை விடணும், எதன் முதுகில் ஏறணும் என்று முடிவு செய்தவர், பின்னால் நின்று திசைபிடித்த தண்டல்.

19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் கப்பல் பாலமும் பிறகு செயற்கைத் துறைமுகமும் வந்தன. மசூலாவுக்கு வேலை மெல்லப் போனது. கடலூரில் அதற்கப்புறமும் கப்பல்கள் வெளியே நின்றன, சரக்குப் படகுகள் போய்வந்தன. ஆனால் தைத்த படகு போய்விட்டது. 2015 வெள்ளத்தில் மீட்புப் படை ரப்பர் படகுகளோடு இந்த மாவட்டத்துக்குள் வந்தபோது, வளைந்து கொடுக்கும் படகு வேறு உருவில் திரும்பியது போலத்தான் இருந்தது.

நண்பனிடம் ஹைபலானே வாங்கு என்றேன். “ஆனா முதல் தடவை கரை இறங்கும்போது தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருத்தரைக் கூட்டிக்கோ. படகைக் கடையில வாங்கிடலாம். அலை எண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு எங்க போவே?”